அக்காவின் பெயர் திரையில் வந்த நாள்

அந்த மருத்துவமனையில் அவளுக்கு இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேரே ‘மேடம்’. முதுகுக்குப் பின்னால் ‘சிசிடிவி’. இரண்டாவது பெயரை வைத்தவர் எக்ஸ்ரே பிரிவுக்காரர் என்பதும் அவளுக்குத் தெரியும். கோபப்பட்டதில்லை. “கேமரான்னுதானே வெச்சாங்க, உளவாளின்னு வெச்சிருந்தா என்ன பண்றது?” என்று சிரித்துக்கொள்வாள்.

மூன்றாவது மாடியின் கோடியில் அவளுடைய அறை. ஒரு காலத்தில் படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்திருந்த இடம், ஜன்னல் கிடையாது. சுவரில் ஒரு பெரிய திரை. அதைத்தான் எல்லோரும் டாஷ்போர்டு என்பார்கள். மருத்துவமனையில் இருக்கும் நோயாளிகளின் கோப்புகளை எந்த ஊழியர் எப்போது திறந்தார், எந்தப் பக்கத்தைப் பார்த்தார், அச்செடுத்தாரா, பென்டிரைவில் ஏற்றினாரா, வெளியே மெயில் அனுப்பினாரா என்பதெல்லாம் அதில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். சரியாக இருந்தால் பச்சை. சந்தேகம் என்றால் மஞ்சள். நிச்சயம் தப்பு என்றால் சிவப்பு. மஞ்சளையும் சிவப்பையும் விசாரித்து, வேலைக்காகத் திறந்தார்களா, வேடிக்கை பார்க்கத் திறந்தார்களா என்று கண்டுபிடிப்பது அவள் வேலை.

அதற்கு முன்னால் கீழே பதிவு கவுன்டரில் இருந்தாள். கண்ணாடித் தடுப்பு, நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. வருகிறவர்கள் குனிந்து, ஓட்டையில் வாயை வைத்து, தங்களுக்கு என்ன தொல்லை என்று கிசுகிசுப்பார்கள். பின்னால் நிற்கும் வரிசை காதைத் தீட்டிக்கொள்ளும். இவளுக்கோ ஒன்றும் கேட்காது. “சத்தமா சொல்லுங்க” என்பாள். அதுதான் அந்த நாற்காலியின் வழக்கம். அவளுக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் சொன்னார்.

ஒருநாள் பஸ் கண்டக்டர் ஒருவர் வந்தார். ஆள் ஆஜானுபாகு, வண்டியின் கடைசி சீட்டு வரைக்கும் எட்டுகிற குரலாகத்தான் இருந்திருக்கும். அந்த ஓட்டைக்கு முன்னால் குரல் எழும்பவில்லை. இவள் சத்தமாகச் சொல்லச் சொன்னாள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தன் உள்ளங்கையில் இரண்டு வார்த்தை எழுதி, கண்ணாடியில் ஒட்டினாற்போலக் காட்டினார். அவள் படித்துவிட்டுத் தலையாட்டியதும் எச்சில் தொட்டு அழித்தார். அந்தக் கையை அவளால் மறக்க முடியவில்லை. அதன் பிறகு யாரையும் சத்தமாகச் சொல்லச் சொன்னதில்லை. தானே எழுந்து பக்கக் கதவு வழியாக வெளியே போய்க் காதைக் கொடுப்பாள். வரிசை நீண்டது. மேற்பார்வையாளர் திட்டினார். “மருமக மாமியார் காதுல குசுகுசுன்னு பேசற மாதிரி பேசிட்டிருந்தா எப்பம்மா முடியும்?” என்றார். அவள் விடவில்லை.

பின்னாளில் தகவல் பாதுகாப்புக்கென்று ஒரு பிரிவு தொடங்கி, யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது ஒருவரும் கை தூக்கவில்லை. ஆஸ்பத்திரி முழுக்கப் பகையைச் சம்பாதிக்கிற வேலை என்று எல்லோருக்கும் புரிந்திருந்தது. இவள் தூக்கினாள். பயிற்சிக்கு அனுப்பினார்கள். படித்துவிட்டு வந்து அந்த ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்தாள்.

வீட்டில்தான் எல்லோருக்கும் சிரிப்பு. ஏனென்றால் பிறவியிலேயே அவள் எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாதவள். யார் பேருக்குப் பொட்டலம் வந்தாலும் முதலில் பிரிப்பது அவள்தான். மூடியிருக்கும் பாத்திரத்தைக் கண்டால் கை நமைக்கும். “இவ கையில போயா சாவியைக் கொடுத்திருக்காங்க!” என்று அவள் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வேலையில் சிரிப்புக்கும் குறைவில்லை. ஒரு நடிகர் கால் முறிந்து வந்து சேர்ந்த அன்று, திரை முழுக்கச் சிவந்துவிட்டது. எலும்புப் பிரிவுக்காரர்கள் பார்த்தது நியாயம். பல் டாக்டர் ஏன் பார்த்தார்? சமையலறை மேலாளர் ஏன் பார்த்தார்? கொட்டின சர்க்கரைக்கு எறும்பு வந்த மாதிரி வந்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டாள். “சும்மா, வயசு என்னன்னு பாக்கத்தான் மேடம்” என்றார் சமையலறை மேலாளர். “சினிமாவுல இருபத்தஞ்சுன்னு சொல்றாரே!”

இன்னொரு முறை பெரிய டாக்டர் ஒருவர் தன்னுடைய கோப்பையே திறந்து மாட்டிக்கொண்டார். “என் ரத்தத்தை நான் பாக்கக் கூடாதா?” என்று எகிறினார்.

“தாராளமா பாக்கலாம் டாக்டர். எல்லாரையும் மாதிரி கீழ வந்து கேட்டுப் பாக்கணும், அவ்வளவுதான்” என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். மறுநாள் வரிசையில் நின்றதாகக் கேள்வி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேலையில்தான் ஒரு காலை, திரையின் வலப்பக்கம் மஞ்சளாக ஒரு வரி எழுந்தது. ‘ஒரே முகவரி’ என்ற எச்சரிக்கை. கோப்பைத் திறந்த ஊழியரும் நோயாளியும் ஒரே வீட்டில் இருந்தால் வருவது. பெரும்பாலும் ஏதாவது ஒரு நர்ஸ் தன் மாமனாரின் சர்க்கரை அளவைப் பார்த்திருப்பாள். அப்படி ஒன்றாக இருக்கும் என்று நினைத்து, மௌஸால் அந்த வரியைத் தட்டினாள்.

ஊழியர்: இன்சூரன்ஸ் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண். பெயரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவள் அக்காவின் நாத்தனார். அக்கா புருஷனின் தங்கை, கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டோடு இருப்பவள்.

நோயாளியின் பெயர் அதற்குக் கீழே இருந்தது. அக்கா.

முதலில் அவளுக்குப் புரிந்தது நாத்தனார் செய்த தப்பு இல்லை. அக்கா இங்கே நோயாளியா? தினமும் சாயங்காலம் போனில் பேசுகிற அக்கா. மிக்சி ரிப்பேரானது முதல் எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது வரைக்கும் சொல்கிற அக்கா. இதைச் சொல்லவே இல்லையே.

எந்தப் பிரிவு என்று பார்த்தாள். அந்தக் கட்டத்தில் ‘கட்டுப்பாடு உள்ள பிரிவு’ என்று மட்டும் இருந்தது. வெளியே தெரியக்கூடாத நோய்களைப் பார்க்கும் சில பிரிவுகளுக்கு அப்படித்தான் வரும். அந்த ஏற்பாட்டைச் செய்யச் சொல்லிக் கேட்டதே அவள்தான். இப்போது அந்த மூன்று வார்த்தைகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அந்தப் பட்டியலில் எந்தெந்தப் பிரிவுகள் இருக்கின்றன என்று அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓடியது. ஒன்றுகூட நல்லதாக இல்லை.

திரையின் கீழ் மூலையில் ‘கோப்பைத் திற’ என்று ஒரு பொத்தான். விசாரணைக்குத் தேவைப்பட்டால் திறக்க அவளுக்கு அதிகாரம் உண்டு. இதுவும் விசாரணைதான். காரணம் எழுத வேண்டிய இடத்தில் ‘விசாரணை’ என்று எழுதினால் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். மௌஸின் மேல் கை இருந்தது. அக்காவுக்கு என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு தட்டு போதும்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது அங்கேயே இருக்காது என்று அவளுக்கே தெரிந்ததால் எழுந்து நின்றாள். திரையைப் பூட்டிவிட்டு அதிகாரியின் அறைக்குப் போனாள்.

அவர்தான் தகவல் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அதையே மேஜை முழுக்கத் தேடுகிற மனிதர்.

“சார், இப்ப வந்த ஒரு அலர்ட்டை நான் விசாரிக்க முடியாது.”

“ஏம்மா?”

“பேஷன்ட் என் கூடப் பிறந்த அக்கா. திறந்து பாத்தது அக்காவோட நாத்தனார்.”

அவர் தேடுவதை நிறுத்தினார். “நீ உள்ள போய்ப் பாத்தியா?”

“இல்ல சார்.”

“நான் உன்னை நம்பறேன். ஆனா பதிவையும் பாப்பேன்.”

“பாக்கணும் சார். அதுக்குத்தானே வெச்சிருக்கோம்.”

அவர் தன் கம்ப்யூட்டரில் ஏதோ செய்தார். அவள் திரும்பி வந்தபோது அந்த மஞ்சள் வரி அவளுடைய திரையில் இல்லை. இருந்த இடத்தில் வேறு ஏதோ ஒரு வார்டின் பச்சை வந்து உட்கார்ந்திருந்தது. தன்னால் இனிப் பார்க்க முடியாது என்றானதும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் அக்கா வழக்கம்போல் போன் செய்தாள். தண்ணீர் மோட்டார் பற்றி, மாமாவின் குறட்டை பற்றி. இவள் ஒவ்வொரு வார்த்தையையும் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நடுவில் அக்கா மூச்சு வாங்கினாளோ? “கொஞ்சம் அசதியா இருக்கு, அப்புறம் பேசறேன்” என்றாளே, அந்த அசதி எந்த அசதி?

“உடம்புக்கு ஒண்ணும் இல்லையே அக்கா?”

“எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.”

போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளிடம், “யாரு செத்தா?” என்று கேட்டார் அவள் கணவர். அவர் லிப்ட் மெக்கானிக். இடக்காகக் கேட்பாரே ஒழிய மனசு மெதுவானவர். அவள் யார் என்றும் சொல்லவில்லை, என்ன என்றும் சொல்லவில்லை. “வேலையில தெரிஞ்ச விஷயம். வெளிய சொல்லக் கூடாது. தெரியாத மாதிரி நடிக்கவும் முடியல” என்றாள்.

அவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “லிப்ட்டுக்கு மேல ஏறி நின்னு வேலை பாப்பேன் இல்ல, சில சமயம் உள்ள ஆளுங்க பேசிட்டு வருவாங்க. மேல ஒருத்தன் இருக்கான்னு அவங்களுக்குத் தெரியாது. புருஷன் பெண்டாட்டி சண்டை, கடன், காதல் எல்லாம் வரும்.”

“நீங்க என்ன பண்ணுவீங்க?”

“இருமுவேன்.”

அவளுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. ஆனால் அவளால் இரும முடியாது. விசாரணை முடிவதற்குள் நோயாளியிடமோ ஊழியரிடமோ ஒரு சாடை காட்டினாலும் விதிமீறல். விதி ஒரு பக்கம். “உனக்கு என்ன அக்கா?” என்று அவள் கேட்டாலே, அக்கா மூடி வைத்ததைத் தான் மோப்பம் பிடித்துவிட்டதாகத்தானே ஆகும்? நாத்தனார் கையால் திறந்ததை இவள் வாயால் திறக்கிற மாதிரி. தினமும் போனில் அந்த ஒரு கேள்வியைத் தொண்டைக்குள்ளேயே முழுங்கினாள்.

அதிகாரி நாத்தனாரைக் கூப்பிட்டு விசாரித்தார். அந்தக் கோப்புக்கும் இன்சூரன்ஸ் பிரிவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அண்ணி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு தாழ்வாரத்தில் போனதைப் பார்த்தாளாம்; மனசு கேட்காமல் திறந்தாளாம். “எங்க வீட்டு ஆளு சார். நான் பாக்காம யாரு பாப்பாங்க?” என்று அழுதாளாம். அழுகை பொய்யில்லை என்று அதிகாரிக்கும் தோன்றியிருக்கிறது. ஆனாலும் அவள் ஒரு தரம் பார்த்து நிறுத்தவில்லை. புதிதாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று திரும்பத் திரும்பப் போயிருக்கிறாள். கொஞ்ச நாள் வேலையிலிருந்து நிறுத்தி, பிறகு நோயாளி விவரம் எதுவும் கண்ணில் படாத சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அக்காவை மருத்துவமனை நேரில் வரவழைத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டது. யார் பார்த்தது என்பதையும் சொன்னார்கள். கேட்டால் சொல்ல வேண்டும் என்பது விதி.

அன்று அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். கோபத்தில் இருந்த நாத்தனார் கடைசியில் ஒரு கல்லை எறிந்தாள். “என்னை மட்டும் பிடிச்சுக்கறீங்களே அண்ணி, ஆஸ்பத்திரி மொத்தத்தையும் உக்காந்து பாக்கறது யாரு? உங்க தங்கச்சி. முதல்ல அவளைப் போய்க் கேளுங்க.”

அன்று சாயங்காலம் போன் வரவில்லை. மறுநாளும் இல்லை. இவள் கூப்பிட்டால் அடித்து ஓய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவே வந்தாள். இவள் கணவர் நிலைமையைப் பார்த்து, இல்லாத சாமானை வாங்கப் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அக்கா உட்காரவில்லை. “பாத்தியா?”

“இல்ல அக்கா.”

“பொய் சொல்லாதே. அடுத்தவங்க டப்பாவைக் கண்டாலே உனக்குக் கை சும்மா இருக்காது. என் பேரைப் பாத்துட்டு நீ சும்மா இருந்திருப்பியா?”

“பேரை மட்டும் பாத்தேன். உள்ள போகல.”

“தெரிஞ்சுகிட்டே தினமும் என்கிட்ட மோட்டாரைப் பத்திப் பேசினே.”

“நீயும்தான் பேசினே.”

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இவளுக்கு உடனே தோன்றியது. படியிறங்கி ஓடினாள். தெரு முனையில் ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே அக்கா, தங்கைக்குத் தெரியாமல், மருத்துவமனைக்குப் போய் அதிகாரியைப் பார்த்தாள். தன் கோப்பை இதுவரைக்கும் யார் யார் திறந்தார்கள் என்று தெரிய வேண்டும் என்றாள். எந்த நோயாளிக்கும் அந்த உரிமை உண்டு, கேட்பவர்கள்தான் கிடையாது. அவர் தன் திரையை அவள் பக்கம் திருப்பி, அவளுடைய கோப்பைத் தொட்டவர்களை வரிசையாகக் காட்டினார். டாக்டர், இரண்டு நர்ஸுகள், லேப்காரர், மருந்தகம், நாத்தனார். அதிகாரி தானே விசாரணைக்காகத் திறந்ததும் இருந்தது. தங்கை பெயர் இல்லை. அக்கா நம்பாமல், “அழிச்சிருக்கலாமே?” என்று கேட்டாள். “அழிச்சா, அழிச்சாங்கன்னு ஒரு வரி வரும்மா” என்றார் அவர்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“உன் பேரு இல்லை” என்றாள் அக்கா.

“சொன்னேனே.”

“இல்லைன்னு பாத்ததும் சந்தோஷப்படணும் இல்லையா? எனக்கு அழுகைதான் வந்தது. தங்கச்சிக்குக்கூட என்னன்னு தெரியாதா, நான் இவ்வளவு நாளா தனியாவேதான் போயிட்டு வந்தேனான்னு தோணிடுச்சு. பாத்திருந்தாலும் உன்னை வெட்டியிருப்பேன். பாக்காததுக்கும் கோவம் வருது. எனக்கே புரியல.”

இவள் அப்போதும் என்ன நோய் என்று கேட்கவில்லை. அக்காவே தொடர்ந்தாள்.

“வெள்ளிக்கிழமை மறுபடியும் போகணும். கூட வரியா? உள்ள வராதே. வெளிய உக்காந்திரு, போதும்.”

வெள்ளிக்கிழமை அவள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். அடையாள அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். பணிக்கு வரும் பக்க வாசலை விட்டு, நோயாளிகளோடு முன்வாசலில் நுழைந்தபோது அந்தக் கட்டடமே புதிதாக இருந்தது. கால்கள் தேய்த்துத் தேய்த்து வெளுத்த தரை. யாருக்கும் கேட்காத குரலில் பேர் கூப்பிடும் நர்ஸ். ஒவ்வொருவரும் தன் ரிப்போர்ட்டை எழுத்து உள்பக்கமாக இருக்கும்படி மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலே அறையில் இவர்களெல்லாம் ஒரு வரி, ஒரு நிறம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், “உங்களுக்கு என்ன?” என்று கேட்டார். “கூட வந்தேன்” என்றாள். அந்த அம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. “நானும்” என்றார். பொய்யாகவும் இருக்கலாம். இவள் அதை விசாரிக்கவில்லை.

அக்கா உள்ளே போய்ச் சற்று நேரத்தில் கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, “உங்களை உள்ள வரச் சொல்றாங்க” என்றாள்.

உள்ளே டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். அது என்ன நோய் என்று இங்கே எழுதப்போவதில்லை. அக்கா இன்னும் மாமாவைத் தவிர வேறு சொந்தக்காரர்களிடம் சொல்லவில்லை. தீரக்கூடியது, நாளாகும் என்று மட்டும் சொல்லலாம். இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்த கேள்விகளையெல்லாம் தங்கை ஒன்றுவிடாமல் கேட்டாள். மருந்துக்கு, சாப்பாட்டுக்கு, தூக்கத்துக்கு, மறுபடி வந்தால் என்ன செய்வது என்பதற்கு. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இதுக்குத்தான் வெளிய உக்காருன்னேன்” என்றாள் அக்கா.

நாத்தனார் சலவைப் பிரிவில் இருக்கிறாள். முதலில் அண்ணியோடு பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் உப்பு எங்கே, சாவி எங்கே என்கிற அளவுக்கு வந்தது. ஒருநாள் அவள் தயங்கித் தயங்கி வந்து, “ஒரு வார்த்தை உங்களையே கேட்டிருக்கணும் அண்ணி” என்றாளாம். பிறகொரு முறை மருத்துவமனையிலிருந்து இருவரும் பஸ்ஸில் திரும்பும்போது அக்கா இதைத் தங்கையிடம் சொன்னாள்.

“நீ என்ன சொன்னே?”

“கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்னு சொன்னேன். உண்மை அதுதானே?”

“ஆமா.”

“ஆனா யாரோ ஒருத்தி கேட்டான்னு ராத்திரி கொஞ்சம் நிம்மதியா தூங்கியிருப்பேன். அதையும் சொன்னேன்.”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அக்கா மருந்துப் பையைத் தங்கையின் மடியில் வைத்துவிட்டு, ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பையின் வாய் லேசாகத் திறந்திருந்தது. தங்கை அதைத் திறந்து, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் படிக்கத் தொடங்கினாள்.